பம்பாய்ப் பிளேக்கும் ஒரு புகழ்பெற்ற வளைவும்

தொற்றுநோய்களின் கணிதத்தைப் பற்றிய பாடநூல்கள் பலவற்றில் ஒரு வரைபடம் தவறாமல் இடம் பெறும். கிடையச்சில் வாரங்கள்; குத்தச்சில் பம்பாய்த் தீவில் பிளேக் நோயால் வாரந்தோறும் இறந்தவர்களின் எண்ணிக்கை. காலம், 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை. புள்ளிகள் மெல்ல ஏறி, ஏப்ரல் நடுவில் உச்சத்தைத் தொட்டு, பின்பு இறங்குகின்றன. அவற்றின் ஊடே மணியின் வடிவில் ஒரு வளைவு வரையப்பட்டிருக்கும். புள்ளிகள் வளைவை விட்டு அதிகம் விலகுவதில்லை. கொள்கையும் உண்மையும் எவ்வளவு அழகாக ஒத்துப் போகின்றன பாருங்கள் என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டு நூலாசிரியர் அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுவார். நானும் சில ஆண்டுகள் அவ்வாறே வகுப்பில் கற்பித்து வந்தேன். அந்த ஒத்துப்போதல் எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளைவுக்கு உரியவர்கள் இருவர். கெர்மாக் ஒரு வேதியியலார். 1924இல் ஆய்வகத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் கண்பார்வையை இழந்தவர். மக்கெண்ட்ரிக் ஒரு மருத்துவர். இந்திய மருத்துவப் பணியில் இருந்து, கசௌலி பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றி, 1920இல் எடின்பரோவுக்குத் திரும்பியவர். இவ்விருவரும் சேர்ந்து 1927இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்ட கட்டுரையில்தான் இந்த வரைபடம் முதலில் வந்தது.

அவர்களுடைய மாதிரியின் எளிய வடிவம் இது. மக்களை மூன்று பிரிவாகப் பிரித்துக்கொள்வோம்: இனி நோய் வரக்கூடியவர்கள், இப்போது நோயைப் பரப்புகின்றவர்கள், குணமடைந்தோ இறந்தோ விலகியவர்கள். வேதிவினையில் இரு பொருள்களின் செறிவுகளைப் பெருக்கி வினையின் வேகத்தைக் காண்கிறோம் அல்லவா? அதுபோல, முதற் பிரிவின் எண்ணிக்கையை இரண்டாம் பிரிவின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை ஒரு மாறிலியாலும் பெருக்கினால் புதிய நோயாளிகள் தோன்றும் வேகம் கிடைக்கும். நோயாளிகள் விலகும் வேகம் இன்னொரு மாறிலியைப் பொறுத்தது. இந்தச் சமன்பாடுகளைச் சில தோராயங்களோடு தீர்த்தால் மணிவடிவ வளைவு கிடைக்கிறது. பம்பாய்க்கு அவர்கள் எழுதிய கோவையில் மூன்று எண்களே உள்ளன: 890, 0.2, 3.4. முதலாவது, உச்ச வாரத்தில் இறந்தோர் தொகை. மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் 17 வருகிறது. அதாவது பதினேழாம் வாரத்தில் உச்சம். இரண்டாவது எண் வளைவின் அகலத்தைக் கூறுகிறது.

இங்கேயே ஓர் ஐயம் எழ வேண்டும். ஏறி இறங்கும் எந்த மேட்டுக்கும் உயரம், அகலம், உச்சியின் இடம் என்று மூன்று கூறுகள் உண்டு. நம் கையில் திருகுவதற்கு மூன்று எண்கள் உள்ளன. எனவே ஓரளவு சமச்சீரான எந்த மேட்டோடும் இந்த வளைவு பொருந்தியே தீரும். புள்ளியியலில் வரும் இயல்நிலை வளைவையும் இதே புள்ளிகளின் மேல் பெரிய குறையின்றிப் போர்த்தலாம். அதற்குள் தொற்று என்ற கருத்தே கிடையாது. செய்முறைத் தேர்வில் மூன்று அளவீடுகளை மட்டும் எடுத்து, அவற்றின் வழியே இருபடி வளைவு ஒன்றை வரைந்து, ‘கச்சிதமாகப் பொருந்துகிறது, ஐயா’ என்று சொல்லும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை.

எண்களின் பொருளையும் சற்றுப் பார்ப்போம். இந்தக் கணக்கைப் பள்ளி இறுதி வகுப்பு மாணவரும் போடலாம். வளைவின் கீழுள்ள பரப்பு, அதாவது மொத்த இறப்பு, 8,900. நோயுற்றவர்களில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பேர் இறந்ததால் இறப்பையே நோயின் அளவாகக் கொண்டார்கள். அப்போது பம்பாயின் மக்கள் தொகை ஏறத்தாழப் பத்து இலட்சம். ஆகவே நூற்றில் ஒருவரைக் கூடப் பிடிக்காமல் நோய் அடங்கிவிட்டது. பாடநூலில் உள்ளபடியே, நகர மக்கள் அனைவரும் நோய் வரக்கூடியவர்கள் என்றும், நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தொற்றியது என்றும் வைத்துக்கொள்வோம். இவ்வளவு சிலரோடு நோய் நின்றுபோக வேண்டுமானால் ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்குச் சற்றே கூடுதலானவருக்கு மட்டும் நோயைத் தந்திருக்க வேண்டும். ஆயிரம் நோயாளிகள் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்து பேருக்கு என்று கொள்ளலாம். ஆனால் வளைவின் தொடக்கப் பகுதியில் இறப்புகள் வாரத்துக்கு வாரம் ஒன்றரை மடங்காகப் பெருகின. ஆயிரத்துக்கு ஐந்து என்ற இலாபத்தில் ஒரே வாரத்தில் ஒன்றரை மடங்காக வேண்டுமென்றால் அந்த வாரத்துக்குள் தொண்ணூறு தலைமுறை நோயாளிகள் தோன்றி மறைய வேண்டும். அதாவது ஒருவர் நோயைப் பரப்பும் காலம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு! பிளேக் நோயாளி நாள் கணக்கில் படுக்கையில் கிடப்பவர் என்பதை எந்த மருத்துவரும் சொல்வார்.

சரி, பரப்பும் காலத்தை ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். அப்படியானால் பத்து இலட்சம் பேரில் நோய் வரக்கூடியவர்கள் பதினேழு, பதினெட்டு ஆயிரம் பேரே இருந்திருக்க வேண்டும். ஏனையோர் அனைவரும் எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள் என்றாகும். இதையும் நம்புவதற்கில்லை.

முரண்பாட்டின் வேர் எலிகளிடம் இருக்கிறது. கட்டிப் பிளேக் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுவதில்லை. எலிகளிடையே நோய் பரவுகிறது. எலிகள் மடிந்ததும் அவற்றின் மேலிருந்த தெள்ளுப்பூச்சிகள் இரை தேடி மனிதரைக் கடிக்கின்றன. தெள்ளின் பங்கைப் பவுல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் செய்த சோதனையால் காட்டினார். 1905இல் தொடங்கிப் பம்பாயில் ஆய்வு நடத்திய பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் அதனை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டினர். கெர்மாக்கும் மக்கெண்ட்ரிக்கும் இதை அறியாதவர்கள் அல்லர். அதே கட்டுரையில், அதே வரைபடத்துக்கு அருகிலேயே, மனிதரின் பிளேக் எலிகளின் பிளேக்கைப் பிரதிபலிப்பதாகத் தாங்கள் கொண்டிருப்பதையும், எலிகளைப் பற்றிச் செய்துகொண்ட கருதுகோள்களில் எதுவும் முற்றிலும் உண்மையல்ல என்பதையும் அவர்கள் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார்கள். ஆகையால் மாறிலிகளின் மதிப்பிலிருந்து முடிவு எதுவும் பெறலாகாது என்றும் எச்சரித்திருக்கிறார்கள். பாடநூல்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டன, எச்சரிக்கையை விட்டுவிட்டன. என் குறை மூலக் கட்டுரையின் மீது அன்று, அதை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மீதே.

எலிகளைச் சேர்த்துக்கொண்ட பின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நோய் ஏன் இறங்கியது? மாதிரி தரும் விடை, நோய் வரக்கூடிய உயிர்கள் குறைந்து போயின என்பது. பம்பாயின் பதிவேடுகள் வேறொன்றை நினைவூட்டுகின்றன. 1896இல் அந்நகரில் நுழைந்த பிளேக் அடுத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து வந்தது. ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் தலைதூக்கி, மார்ச், ஏப்ரல் வாக்கில் உச்சத்தை அடைந்து, ஜூனுக்குள் அடங்கிற்று. வெப்பம் மிகும்போது தெள்ளுகளின் ஆயுள் குறைகிறது. கிருமிகள் பெருகித் தெள்ளின் உணவுப் பாதையை அடைப்பதால்தான் அது திரும்பத் திரும்பக் கடிக்கிறது. வெப்பத்தில் அந்த அடைப்பும் நிலைப்பதில்லை. ஆகவே பருவமே நோயை இறக்கியிருக்கலாம். கெர்மாக், மக்கெண்ட்ரிக் கோவையிலோ பருவம் என்ற உறுப்பே இல்லை. 2012இல் நிக்கோலா பக்காயேர் என்ற பிரெஞ்சுக் கணிதவியலார் எலி, தெள்ளு, பருவம் மூன்றையும் சேர்த்து இந்தப் பழைய கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். பருவ மாற்றத்தைப் புறக்கணித்துவிட்டு பம்பாய்ப் பிளேக்கை விளக்க முடியாது என்பதே அவருடைய ஆய்விலிருந்து பெறப்படுகிறது.

இரு விளக்கங்களும் ஒரே வளைவைத் தருகின்றன. அதனால் என்ன என்று கேட்கலாம். 1906 ஜூலையில் பம்பாயின் சுகாதார அதிகாரியின் நாற்காலியில் நம்மை அமர்த்திப் பார்ப்போம். நோய் வரக்கூடிய எலிகள் தீர்ந்ததால் நோய் அடங்கியது என்றால், அவை மீண்டும் பெருகும் வரை சற்று மூச்சு விடலாம். பருவத்தால் அடங்கியது என்றால் டிசம்பரில் அது திரும்பவும் வரும். மழைக்காலம் முடிவதற்குள் எலிகளை ஒழிக்கவும் தானியக் கிடங்குகளைச் சீர்செய்யவும் வேண்டும். முப்பத்தொரு வாரப் புள்ளிகளுக்குள் எவ்வளவு துருவினாலும் இவற்றுள் எது சரி என்பதைக் காண முடியாது.

இவ்வளவும் கூறியபின், அந்தக் கட்டுரையே வீண் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. அதன் உண்மையான செல்வம் வரைபடத்தில் இல்லை. நுழைவெல்லைத் தேற்றத்தில் இருக்கிறது. நோய் வரக்கூடியவர்களின் அடர்த்தி ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் நோய் பரவாது. மேலே இருந்தால் பரவும். பரவிய நோயும் எல்லோரையும் பிடிக்கும் முன்பே நின்றுவிடும். மாறிலிகளின் சரியான மதிப்புத் தெரியாவிட்டாலும் இது நிற்கிறது. அனைவருக்கும் தடுப்பூசி போட முடியாவிட்டாலும் போதிய பேருக்குப் போட்டால் நோயை நிறுத்தலாம் என்னும் நம்பிக்கைக்கு இதுவே அடித்தளம். இதற்கு முன்னோடி ரொனால்டு ராஸ். 1897இல் செகந்தராபாத்தில் கொசுவினுள் மலேரியாக் கிருமியைக் கண்டவர் அவர். ஊரிலுள்ள கொசுக்களை எல்லாம் ஒழிக்க முடியுமா என்று ஏளனம் செய்தவர்களுக்கு அவர் கணக்குப் போட்டு விடை சொன்னார்: எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தால் போதும். இளைஞராக ராஸுடன் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மலேரியா ஒழிப்புப் பணிக்குச் சென்றவர்தாம் மக்கெண்ட்ரிக்.

மாதிரியில் மாறிலி என்று நாம் எழுதிவிடுவது மனித நடத்தையாகவும் இருக்கலாம் என்பதுதான் பெரிய சிக்கல். ஊசற்குண்டு தன்னைப் பற்றிய சமன்பாட்டைப் படித்துவிட்டு வேறு விதமாக ஆடத் தொடங்குவதில்லை. மனிதர்கள் அப்படியல்லர். 1896, 1897இல் பிளேக் பற்றிய செய்தி பரவியதும் இலட்சக்கணக்கானோர் பம்பாயை விட்டு வெளியேறினர்; போனவர்களோடு நோயும் வெளியூர்களுக்குச் சென்றது. பரவலின் வேகத்தைக் குறிக்கும் எண் இவர்களின் அச்சத்தாலும் அரசின் கெடுபிடியாலும் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்தது.

ஏறிய வளைவு தானே இறங்கும் என்ற நம்பிக்கைக்கு நெடிய வரலாறு உண்டு. 1840இல் வில்லியம் ஃபார் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலார் பெரியம்மை இறப்புகளில் மணிவடிவத்தைக் கண்டார். அவர் வழியைப் பின்பற்றி 1990இல் அமெரிக்காவில் எயிட்ஸ் நோய்க்குக் கணக்குப் போட்ட இருவர், அந்நாட்டில் மொத்தம் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரோடு நோய் ஓய்ந்துவிடும் என்றனர். 1995க்குள் அந்த எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைக் கடந்துவிட்டது.

நம் நாட்டிலும் அண்மையில் இது நடந்தது. 2020 செப்டம்பரில் உச்சத்தை எட்டிய கொரோனாத் தொற்று அதன்பின் இறங்கலாயிற்று. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த குழு அக்டோபரில், முன்னெச்சரிக்கைகள் தொடர்ந்தால் 2021 பிப்ரவரி இறுதிக்குள் நோய் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும் என்று தன் மாதிரியைக் கொண்டு கூறியது. ‘தொடர்ந்தால்’ என்ற அந்த நிபந்தனையைக் குழு மறைக்கவில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டவர்கள்தாம் குறைவு. நோய் வரக்கூடியவர்கள் குறைந்ததால் வளைவு இறங்கியதா, மக்கள் ஒதுங்கி இருந்ததால் இறங்கியதா? 1906ஆம் ஆண்டுப் பம்பாயின் கேள்விதான் இது; இங்கேயும் வளைவு மட்டும் விடை சொல்லாது. பின்னர் மக்கள் கூடினர், கிருமியும் உருமாறியது. 2021 மே முதல் வாரத்தில் ஒரே நாளில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதி செய்யப்பட்டது. மருத்துவமனை வாயில்களில் ஆக்சிஜனுக்காகக் காத்துக் கிடந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இப்போதெல்லாம் இந்தப் பாடத்தை நான் வேறு விதமாக நடத்துகிறேன். முதலில் 1906ஆம் ஆண்டின் மேட்டை மட்டும் கரும்பலகையில் வரைந்து, நோய் ஏன் இறங்கியது என்று மாணவர்களையே காரணம் சொல்லச் சொல்வேன். நோய் வரக்கூடியவர்கள் தீர்ந்துவிட்டார்கள் என்று பெரும்பாலோர் உடனே சொல்லிவிடுவார்கள். பின்பு அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆண்டுகளின் மேடுகளைப் பக்கத்திலேயே வரிசையாக, மாதங்களைக் குறித்து வரைவேன். சென்ற ஆண்டு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “ஐயா, ஒவ்வொரு வருஷமும் சரியாக அதே மாதத்திலா எல்லாரும் தீர்ந்துபோவார்கள்?”