விடுமுறை வாசிப்பும் நமது நூல் தெரிவும்

மே மாதம் வந்தால் தமிழகத்துச் சஞ்சிகைகளில் 'கோடை வாசிப்பு' என்று ஒரு பட்டியல் வெளியாகும். வட்டவளையிலிருந்து அதை வாசிப்பவனுக்குச் சற்றுச் சிரிப்பு வரும். நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று இது. மே முடிவதற்குள் தென்மேல் பருவமழை இறங்கிவிடும். கோடை விடுமுறை என்று இங்கு ஒன்றில்லை. வழமையாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் என மூன்று விடுமுறைகள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தையொட்டி வேறோர் ஒழுங்கு. ஆகஸ்டில் கொடுத்தனுப்பும் நூல் ஈரம் குடித்து, மட்டை வளைந்துதான் திரும்பி வரும். இருந்தும் கொடுக்கவே செய்கிறேன். அரசு 1980 முதல் இலவசமாக வழங்கிவரும் பாடநூல்களைத் தவிர வேறு நூலே இல்லாத லயக் காம்பிராக்கள் இங்கு பல. ஒரு பிள்ளை அந்த ஆண்டில் வாசிக்கப்போகும் ஒரே கதைநூல் நான் எடுத்துக் கொடுப்பதாகவே இருக்கக்கூடும். ஆகவே, தெரிவில் பிழைவிட எனக்கு உரிமை குறைவு.

பிழை விட்டிருக்கிறேன். ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளிவந்த புதிதில் நீதிக்கதைகளையே அள்ளிக் கொடுத்தேன். தரம் 7 மாணவி ஒருத்தி இரண்டே நாளில் நூலைத் திருப்பித் தந்தாள். முழுவதும் வாசித்தாயா என்று கேட்டேன். "கடைசி வரிய வாசிச்சா போதுந்தானே சேர், முன்னுக்கு உள்ளதெல்லாம் அதுக்குத்தானே" என்றாள். நீதிக்கதைகள் குறித்து இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்த ஏட்டிலும் கண்டதில்லை. நீதி கூடாது என்பதல்ல என் வாதம். நீதியைச் சுமப்பதற்கென்றே செய்யப்பட்ட கதையில் பிள்ளைக்கு வேலை எதுவும் மிஞ்சுவதில்லை.

அதன் பின்னர் வேறு நூல்களைத் தேடினேன். கண்டி தந்த அறிஞர் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று அதை மேடைதோறும் கொண்டாடுகிறோம். ஆனால் ஒரு பிள்ளையின் கையில் அதைக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் அலைந்து ஊர் திரும்பும் அசனின் கதை பன்னிரண்டு வயதுக்கே உரியது. நடைதான் தடை. பழைய வசனத்தைப் பிள்ளை தனியே கடக்க இயலாது. விடுமுறைக்கு முன் சில பக்கங்களை ஆசிரியர் உரக்க வாசித்துக் காட்டினால் பாதித் தடை விலகும். மீதிக்கு இளையோருக்கான எளிய பதிப்பு வேண்டும்.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ' (1947) தமிழிலும் கிடைக்கிறது. உபாலியும் ஜின்னாவும் வீட்டை விட்டோடி, ஆளற்ற தீவொன்றைத் திருத்திப் பயிரிடுகிறார்கள். குறும்பு செய்யும் பிள்ளைகளைக் கண்டிக்காமல் பின்தொடர்வதே அந்நூலின் வெற்றி. ஆனால் எங்கள் பிள்ளைகள் அதை வேறு கண்ணால் வாசித்தார்கள். "ரெண்டு பேரும் ஒரே வயசுதானே சேர், ஜின்னா மட்டும் ஏன் வேலைக்காரன்?" என்று ஒருவன் கேட்டான். கொழும்பு வீடுகளுக்கும் கடைகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய தோட்டங்களிலிருந்து வரும் கேள்வி அது. நல்ல நூலுக்கு அடையாளம் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' மூன்றாவது. எழுத்தாளரின் நூல்களையே ஆடு தின்றுவிடும் இடத்தில் வகுப்பே சிரித்தது. உம்மாவும் தம்பிமாரும் தங்கையும் நெருக்கியடித்து வாழும் அந்த வீட்டின் வறுமையும் பூசலும் லயத்துப் பிள்ளைக்கு அந்நியமல்ல. ஒரு முஸ்லிம் குடும்பம் எந்தப் பிரசாரமுமின்றித் தன்னியல்பாக அங்கு நடமாடுகிறது. பக்கத்து ஊர் மனிதர்களை அறிய இதைவிட வேறு பாடம் எதற்கு?

மலையக நூல்களைக் கொடுக்கக்கூடாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சக ஆசிரியர் சிலரோ, வெளியே போகவேண்டிய பிள்ளைக்கு மறுபடியும் லயத்தைக் காட்டுவானேன் என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' நமது சிறந்த கதைகளுள் ஒன்று. காம்பிராவின் இடநெருக்கடி ஒரு குடும்பத்தின் மானத்தைத் தொடும் கதை அது. அத்தகைய காம்பிராவிலேயே உறங்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதை நீட்ட என் கை கூசுகிறது. பெரியவர்களுக்கான இலக்கியத்தின் சிறப்பு சிறுவர் நூலின் தகுதியாகிவிடாது. மாறாக, சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த நாட்டார் பாடல்களைத் துணிந்து கொடுக்கலாம். எழுத்தறியாத பாட்டியும் அங்கே பிள்ளைக்கு ஆசிரியையாகிறாள். நூலில் இல்லாத அடிகளையும் சொல்லித் தருகிறாள்.

ஜின்னாவைப் பற்றிக் கேட்ட மாணவன் அடுத்த தவணை பாடசாலைக்கு வரவில்லை. கொழும்பில் ஒரு கடைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நூலும் திரும்பவில்லை. இரவற் பதிவேட்டில் அந்த வரியை நான் இன்னும் வெட்டவில்லை. அவனிடமே இருக்கட்டும்.

இவ்வேட்டின் வாசகர்களில் பலர் எழுதுபவர்கள். அவர்களிடம் ஒன்றைக் கேட்கவேண்டும். ஆண்டுதோறும் எத்தனையோ கவிதைத் தொகுதிகளை வெளியிடுகிறோம். மழலைக்கும் பாடல்கள் எழுதுகிறோம். பதினொன்றுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வயதுக்கு நாம் எழுதியது எவ்வளவு? என் அலுமாரியில் அந்தத் தட்டுத்தான் வெறுமையாகக் கிடக்கிறது. மேற்சொன்ன நூல்களில் மிகப் பழையது 1885இல் வந்தது. சித்திலெப்பை தொடங்கிவைத்த இடத்திலிருந்து ஒருவராவது எழுதினால், அடுத்த விடுமுறைக்கு அந்த நூலுக்கு நானே பொலித்தீன் உறையிட்டு ஒரு பிள்ளையின் கையில் கொடுப்பேன்.