மரச் சிலுவையை நம்பிய அரசன்

‘துக்லியா பாதிரியாரின் வரலாற்றேடு’ என்றதும், “அது போலியாமே?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். துக்லியா பாதிரியார் ஒருவர் ஸ்லாவிய மொழியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்த நூல் இது என்கிறது அதன் முன்னுரை. 12ஆம் நூற்றாண்டு நூல் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் இடைக்காலப் பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1601இல் துப்ரோவ்னிக் துறவி மாவ்ரோ ஒர்பினி இதை இத்தாலிய மொழியில் அச்சிட்டார். லத்தீன் வடிவம் அச்சேறியது 1666இல். ஒர்பினியே உருவாக்கிய போலி இது என்று 2008இல் ஆய்வாளர் சோலாஞ்ச் புஜான் வாதிட்டார்.

முழுவதும் ஒர்பினியின் கைச்சரக்கு என்று சொல்லிவிடவும் முடியாது. நூலின் முற்பகுதி குரோவாசிய மொழியிலும் இருந்தது. அதை மார்கோ மருலிச் 1510இலேயே லத்தீனில் பெயர்த்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், வாசகர்களை இன்றும் இழுக்கும் விளாதிமிர் கதை அந்த வடிவத்தில் இல்லை.

சிறையிலிருந்த துக்லியா அரசன் விளாதிமிரைக் கைதிகளின் கால் கழுவ வந்த கொசாரா காதலிக்கிறாள். அவளுடைய தந்தை, பல்கேரிய அரசன் சாமுவேல், இருவருக்கும் மணம் முடித்து வைக்கிறான். பின்னாளில் அரியணை ஏறிய இவான் விளாதிஸ்லாவ், விளாதிமிரை வரவழைக்கத் தங்கச் சிலுவை அனுப்புகிறான். கிறிஸ்துவை அறைந்தது மரச் சிலுவையில் அல்லவா என்று கேட்டு, மரச் சிலுவையையே வாங்கி, அதை நம்பிப் போய் 1016இல் தலையிழக்கிறான் விளாதிமிர்.

“கதை நல்லாத்தானே இருக்கு, யார் எழுதினா என்ன?” என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. விளாதிமிர் சாமுவேலின் மருமகன், சத்தியத்தை நம்பிக் கொல்லப்பட்டவன் என்பதை 11ஆம் நூற்றாண்டு பைசாந்திய வரலாற்றாசிரியர் ஸ்கைலிட்செஸும் எழுதியிருக்கிறார். கால் கழுவும் காட்சியையும் மரச் சிலுவையையும் அவர் தரவில்லை. நாம் மனம் கரைவது அங்கேதான். 12ஆம் நூற்றாண்டில் எழுதியிருந்தால் அது ஒரு புனிதரை வணங்குகிறவர்களுக்கான கதை. 1601இல் சேர்த்திருந்தால், ஸ்லாவியரின் பெருமையை இத்தாலிய வாசகனுக்கு எடுத்துச்சொல்லும் கதை. அப்போது அதே மரச் சிலுவைக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

எளிமையாக இருப்பதால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பியவன் விளாதிமிர். ஒரு பழைய நூலின் எளிமையைப் பார்த்து நாமும் அப்படி நம்பிவிடக் கூடாது. அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். 1510, 1601, 1666 என்ற மூன்று ஆண்டுகளையும் ஓரத்தில் குறித்துவைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.