கடைக்குள் ஒரு புதினம்

துணிக்கடைக்குச் செல்லும் பெண்ணைக் கேலிப் பொருளாக்குவது எழுத்தாளர் பலருக்குக் கைவந்த செயல். ஒன்று வாங்கப் போய் ஒன்பது வாங்கி வருபவள் என நகையாடி அமைந்துவிடுவர். பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஸோலா அவ்வாறு அமையவில்லை. 'மாதர் மகிழ்ச்சி' எனப் பொருள்படும் பெயருடன் 1883இல் நூலாக வந்த அவருடைய புதினம், விற்பவனின் சூழ்ச்சியையும் ஆராய்கிறது.

பாரிசின் போன் மார்ஷே, லூவர் ஆகிய பேரங்காடிகளை நேரிற் கண்டு குறிப்பெடுத்தே ஸோலா இதனைப் படைத்தார். கதையில் வரும் பேரங்காடிக்கு உரியவன் மூரே. அவன் மலிவுப் பொருள்களை வாயிலில் குவித்துக் கூட்டம் சேர்க்கிறான். பிரிவுகளைச் சிதறடித்து, வருவோரைக் கடை முழுவதும் நடக்கச் செய்கிறான். பிடிக்காவிடில் திருப்பித் தரலாம் என்று கூறித் தயக்கத்தைப் போக்குகிறான். இவற்றை அறிந்தபின், கண்டதையெல்லாம் வாங்கும் மார்த்தி அம்மையாரை நகையாட மனம் வருவதில்லை. அவர் கணவர் ஓர் ஆசிரியர். மனைவியின் செலவை ஈடுகட்டத் தனிப்பாடம் சொல்லித் தேய்கிறார். ஆசிரியராகிய நம்மை அப்பகுதி சுடவே செய்யும்.

இதனினும் சிறந்தது தெனிஸ் என்னும் விற்பனைப் பெண்ணின் பாத்திரப் படைப்பு. பகலில் ஆயத்த ஆடைப் பிரிவில் பட்டுடுத்தி நிற்கும் அவள், இரவில் மாடியறையில் தன் பழந்துணிகளைத் தைக்கிறாள். கோடையில் வணிகம் தளர்ந்ததும் வேலையினின்று நீக்கப்படுகிறாள். அழகிய உடைக்குப் பின்னே இத்தகைய வாழ்வு இருப்பதை ஸோலா மறைக்கவில்லை.

ஆயினும் முடிவு நிறைவு தரவில்லை. மீண்டும் பணியேற்று உயரும் தெனிஸ், ஊழியர் நலனுக்காக வாதாடி வெல்கிறாள். எதிர்ப்புறத்தில் இருந்த அவள் உறவினரின் சிறுகடையோ அழிகிறது. அக்குடும்பத்தில் தாயும் மகளும் இறக்கின்றனர். இறுதியில், ஒரே நாளில் பத்து இலட்சம் பிராங்கைக் கடந்த விற்பனைப் பணம் மேசைமேல் குவிந்திருக்க, மூரேயை மணக்க அவள் இசைகிறாள். இதனை அங்கதம் என்பாரும் உளராகலாம். ஆனால் பேரங்காடியின் பொலிவில் ஆசிரியரே மயங்கினார் என்று கொள்வதே பொருந்தும்; வரிதோறும் அம்மயக்கம் தெரிகிறது.

கடைத்தெருவைக் கதையாக்க விரும்பும் மாணவர் இந்நிறைகுறை இரண்டையும் உணர்தல் நன்று. வாங்குபவளின் ஆசையை எழுதுமுன், அவ்வாசையைத் தூண்டியவனையும், ஆடையை எடுத்துக் காட்ட நாளெல்லாம் கால்கடுக்க நிற்பவளையும் அவர்கள் காண வேண்டும்.