கொக்கி நிற்கும் இடம்

முகத்துவாரக்குப்பத்தில் கொசஸ்தலையாறு கடலில் சேர்கிறது. அங்கிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் தெற்கே வந்தால், சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓரங்கட்டி நிற்பதைப் பார்க்கலாம். ராத்திரியெல்லாம் விழித்த டிரைவருக்குப் பகலில்தான் தூக்கம். கேபின்தான் வீடு, வெயிலுக்கும் தூசுக்கும் ஸ்கிரீன் துணிதான் தடுப்பு. அந்தத் துணியை மெல்லிய தகரத்தில் உறுதியாக நிற்கவைக்கும் கைவேலை எனக்குப் பார்க்கப் பார்க்க அலுக்காதது.

கேபின் தகரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம்தான். துணிக் கம்பியை மாட்டும் கொக்கிக்காக அதில் ஸ்குரூவை முடுக்கினால் ஒரு புரி முழுசாகப் பிடிப்பதே பெரிது. எஞ்சின் அதிர்வும் ரோட்டுப் பள்ளமும் சேர்ந்து ஓட்டையை அகலமாக்கிவிடும். அப்புறம் ஸ்குரூ கையோடு வந்துவிடும். அதனால் வேலை தெரிந்தவர் டிரில்லை எடுத்ததும் துளைப்பதில்லை. விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போகிறார். 'டொம்' என்றால் வெறும் தகரம். 'டக்' என்றால் பின்னால் சட்டம் ஓடுகிறது. அங்கே புள்ளி வைக்கிறார்.

சட்டம் அகப்படாத இடத்தில் பாப் ரிவெட். சின்ன அலுமினியக் குழல், அதற்குள் ஓர் ஆணி. துளையில் செருகி ரிவெட் கன்னை அழுத்தினால், பின்னால் இழுபடும் ஆணியின் தலை குழலின் மறுமுனையைப் பிதுக்கி விரிக்கிறது. அதற்குமேல் தாங்காமல் ஆணி 'டப்'பென்று முறிகிறது. கையே எட்டாத பின்பக்கத்தில் ஒரு குமிழ் உருவாகித் தகரத்தைக் கவ்விக்கொண்டது! என்ன அழகான யோசனை.

அதைவிட நுட்பம், கொக்கிகள் பார்க்கும் திசை. ஜன்னலுக்கு மேலே ஒரே தகட்டில் இரண்டு கொக்கிகளை எதிரெதிராக அடிக்கிறார். துணியைக் கோத்து நடுவில் மாட்டும் ஸ்பிரிங் கம்பி தகரத்தின் போக்கிலேயே இழுக்கிறது. தகரம் அந்த இழுப்பை நன்றாகத் தாங்கும். வெளிப்பக்கமாகப் பிடுங்கினால்தான் கிழியும். ஸ்பிரிங்கைக் கொக்கிகளின் இடைவெளியைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டுகிறார். ரொம்பக் குட்டையானால் கொக்கிக்குக் கேடு, நீளமானால் துணி தொங்கும். முன்கண்ணாடி சாய்ந்திருப்பதால் அங்கே கீழேயும் ஒரு ஸ்பிரிங். இல்லாவிட்டால் துணி கண்ணாடியை விட்டு விலகி ஓரமெல்லாம் வெளிச்சம் நுழையும்.

எண்ணூர் உப்புக்காற்றுக்கு மட்டும் தனி மரியாதை. துளைத்த ஓரத்தில் ஒரு பொட்டு பெயின்ட் வைத்து, பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வாஷரைக் கொக்கிக்கு அடியில் கொடுக்கிறார். துரு சீக்கிரம் அண்டாது, வண்டி ஓடும்போது கொக்கி கடகடக்காது.

உங்கள் வேனுக்கோ தகரக் கேபினுக்கோ இந்த வேலையைக் கொடுக்கும்போது, தட்டிப் பார்த்துவிட்டுத் துளைப்பவரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.