கனத்த கவசமும் கணக்கின் பிழையும்

ஆகாயத்திலிருந்து பாய்ந்து புகும் பொருளின் மூக்கு கூர்மையாயிருப்பதைவிட மழுங்கலாயிருப்பதே நலம் என்றும், அத்தகைய மூக்கு தனக்கு முன்னே எழுப்பும் அதிர்ச்சி அலை உஷ்ணத்தின் பெரும்பகுதியைக் காற்றோடேயே விட்டுவிடும் என்றும் 1951-இல் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜூலியன் ஆலன் கண்ட உண்மையே இன்றைக்கும் இத்துறைக்கு அஸ்திவாரம். ஆயினும் சிறு கலங்களுக்கு அந்த அனுகூலம் பூரணமாய்க் கிட்டுவதில்லை; மூக்கின் ஆரம் சிறுக்கச் சிறுக்க, அலையில் சூடேறிய காற்றிலிருந்து கலத்துக்குப் பாயும் வெப்பம் மிகுகிறது.

2006 ஜனவரியில், வால்வெள்ளியின் துகள்களை ஏந்தி, விநாடிக்கு 12.9 கிலோமீட்டர் வேகத்தில் வந்து யூட்டா பாலைவனத்தில் இறங்கிய ஸ்டார்டஸ்ட் கலத்தின் குறுக்களவு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதன் கவசம் கரியிழையில் பீனாலிக் பிசினை ஊட்டிச் செய்த பிகா என்னும் பொருள். சூட்டில் பிசின் சிதைந்து வெளிப்படும் வாயு எதிர்வரும் காற்றை விலக்க, எஞ்சிய கரி கனன்று, வந்த உஷ்ணத்தில் பெரும்பங்கை வெளியே திருப்பி வீசிவிடும். சுமார் 58 மில்லிமீட்டர் தடிப்புள்ள அக்கவசத்தைப் பின்னர் துளைத்தெடுத்துப் பரிசோதித்தபோது, கணித்ததைவிடக் குறைவாகவே அது தேய்ந்திருந்தது.

காற்றின் அடர்த்தியில் ஒரு சந்தேகம், பாதையில் ஒன்று, பொருளின் குணத்தில் இன்னொன்று என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தடிப்பைக் கூட்டிக்கொண்டே போகும் வழக்கத்தின் பலனே இந்த மிகைத் தடிப்பு. மறுமுறை முயல இடமில்லாத பிரயாணத்தில் இதைக் குற்றமென்று சொல்ல எவருக்கும் துணிவு வராது; எனக்கும் இல்லை. ஆனால் எங்கே தேயும் என்ற அனுமானமே பிழைத்துவிட்டால் மிகைத் தடிப்பு என்ன செய்யும்? 1995-இல் வியாழனுக்குள், விநாடிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்த கலிலியோ ஆய்வுக்கலம், தன் எடையில் பாதியை நெருங்கும் பங்கைக் கவசத்துக்கே கொடுத்திருந்தும், மூக்கில் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவும் தோட்பட்டையில் மிகுதியாகவும் தேய்ந்தது. இதை நாம் அறிந்ததும், கவசத்துக்குள்ளேயே தேய்மானத்தை அளக்கும் உணரிகளை வைத்திருந்ததனாலேதான்.

தரையிறங்கிய பின்னும் உள்நோக்கி ஊறும் உஷ்ணம் வேறு தொல்லை. 2010-இல் ஆஸ்திரேலியாவின் ஊமராவில் இறங்கிய ஜப்பானின் ஹயபுசா, பாராசூட் விரியும் வேளையில் கவசத்தைக் கழற்றி எறிந்து அதைத் தவிர்த்தது. யுக்தி அழகுதான், ஆனால் கழற்றும் பொறி பழுதானால் உள்ளதும் போம். ஸ்டார்டஸ்ட் அந்த அபாயத்தை ஏற்காமல் கவசத்தோடேயே இறங்கியது சரியென்றே தோன்றுகிறது. ஆயின் அக்கவசத்தினுள் ஓர் உணரியும் வைக்காதுவிட்டதை அவ்வளவு எளிதில் ஒப்ப இயலவில்லை. மொத்தத்தில் எவ்வளவு தேய்ந்தது என்பது மட்டும் கிடைத்ததே ஒழிய, எந்தக் கணத்தில், எந்த வெப்பத்தில் தேய்ந்தது என்பது கிடைக்கவில்லை. அடுத்த கலத்தின் தடிப்பைக் குறைக்க வேண்டுவோருக்கு அந்தச் சரித்திரமே அவசியம்.