மூன்றாவது சிலிண்டர்

1969ஆம் வருஷத்து வோக்ஸ்வாகன் கேம்பர் வேனைப் பற்றி எழுத முற்படுகிறவர்கள் அதன் உருண்டை முகத்தையும், உயரும் கூரையையும், மடித்து விரிக்கும் கட்டிலையும் வர்ணிப்பதிலேயே பக்கங்களைச் செலவழித்துவிடுகிறார்கள். அவை உலகம் அறிந்த விஷயங்களாதலால் அவற்றை விட்டு, இங்கிலாந்தில் என் வீட்டு வாசலிலேயே பல வாரங்கள் நிறுத்தி, என் கையாலேயே கழற்றிப் பூட்டிப் பழகிய அதன் 1600 சி.சி. யந்திரத்தின் ஒரு குணவிசேஷத்தையே சொல்ல விரும்புகிறேன். தனக்கு நேரவிருக்கும் கேட்டை அது முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறது.

தண்ணீரில்லாமல் விசிறிக் காற்றினாலேயே குளிரும் இந்த யந்திரத்துக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றி டாப்பெட் எனும் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். பலர் தொந்தரவென்று அலுத்துக்கொள்ளும் இந்தக் காரியம் எனக்குப் பரம சந்தோஷம். இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் பின்சக்கரத்தருகே தரையில் படுத்து, ராக்கர் கவரைப் பிடித்திருக்கும் கம்பியை ஸ்க்ரூ டிரைவரால் கீழ்நோக்கி நெம்பினால், மிச்ச எண்ணெய் சொட்ட மூடி கையோடு வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பிலுள்ள கோட்டுக்கு நேராக ரோட்டர் வரும்வரை புல்லியைத் திருப்பி, 0.15 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜை வால்வுத் தண்டுக்கும் திருகுக்கும் இடையே நுழைத்து இழுத்தால், அது தாராளமாகவும் வரக்கூடாது, சிக்கவும் கூடாது. லேசாகப் பிடித்துப் பிடித்து வரவேண்டும். அந்தப் பிடிப்பை விரல் ஒருமுறை அறிந்துகொண்டால் பிறகு மறப்பதில்லை.

ஆனால் 1969ஆம் வருஷத்து யந்திரத்தில், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே மூன்றாவது சிலிண்டரின் காற்றுவழியில் நிற்பதால், அந்தச் சிலிண்டருக்கு மட்டும் காற்றுக் குறைவு, உஷ்ணம் அதிகம். 1971ஆம் வருஷத்து மாடலிலிருந்துதான் கூலரைத் தனிக் கூட்டுக்கு மாற்றினார்கள். உஷ்ணத்தினால் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு நீளத் தொடங்கினால் இடைவெளி சுருங்கும். சரிசெய்த பின்னும் அது மீண்டும் மீண்டும் சுருங்குமானால், வால்வின் தலை முறிந்து பிஸ்டன்மேல் விழும் நாள் நெருங்குகிறது என்று பொருள். என் வண்டியில் அவ்வாறே சுருங்கிற்று. கியர்பாக்ஸோடு நான்கே போல்ட்டுகளால் பிணைந்து பின்புறம் ஒரு தாங்கியில் நிற்கும் யந்திரத்தை ஜாக்கியில் இறக்கி, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அந்த வால்வின் தண்டு கழுத்தருகே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. நடுவழியில் முழு யந்திரத்தையும் பறிகொடுக்க வேண்டியவன், ஒரு வால்வோடு தப்பினேன். தொழில் தெரியாதவர்களுக்கென்றே ஜான் முயர் அதே 1969இல் வெளியிட்ட பழுதுபார்க்கும் நூல் இன்றும் தேடி வாங்கப்படுகிறதென்றால், எவரும் கற்றுக்கொள்ளத்தக்கதாக இந்த யந்திரம் அமைந்திருப்பதே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பெட்ரோல் குழாய்களின் விஷயத்தில் இத்தகைய எச்சரிக்கை ஏதும் கிடையாது. 2021 செப்டம்பர் முதல் இங்கிலாந்தின் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகிறது; சூடான யந்திரத்தின்மேல் பெட்ரோல் கசிந்தால் வண்டியே எரிந்து சாம்பலாகும். இதை நன்கறிந்த ஒரு வியாபாரி, தரக்குறியீடு எதுவுமில்லாத குழாயை எனக்கு விற்றார். சில மாதங்களிலேயே அது வெடிப்பு விட்டது. உயிரோடு சம்பந்தப்பட்ட பொருளில் இத்தகைய அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. எத்தனாலைத் தாங்கும் என்று அச்சிட்ட குழாயையன்றி வேறெதையும் வாங்காதீர்கள்.

இவ்வண்டியை வாங்க நினைப்பவர்கள் யந்திரத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். கதவுகளுக்கு அடியிலுள்ள தகட்டையும், சக்கர வளைவுகளையும், பாட்டரி உட்காரும் தட்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே துரு உதிர்ந்தால், தேர்ந்த வெல்டர் ஒருவர் மாதக்கணக்கில் உழைக்கவேண்டிய வேலை அது, வீட்டு வாசலில் தீராது. அத்தகைய வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.