15,744 கருத்துகளில் நம் பிள்ளைகள் எழுதும் தமிழ் எங்கே?



இந்த முறை உங்களோடு பார்க்கப்போவது கதைத் தொகுப்பு இல்லை, பயிற்சி நூலும் இல்லை. ஒரு கணினித் துறை ஆய்வுக் கட்டுரை. "அது நமக்கு எதுக்கு, நாம என்ன நிரல் எழுதவா போறோம்?"னு பக்கத்தை மூடிடாதீங்க. தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் சேர்ந்து உழைத்ததால் வந்த கட்டுரை இது. அதில் நாம் இருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

2020 மே மாதம் பிரான்சின் மார்செய் நகரில் மொழித் தரவுகளுக்கான பெரிய பன்னாட்டு மாநாடு நடக்கவேண்டியது. கோவிட் வந்து மாநாடு நடக்காமல் போனாலும் கட்டுரைகள் வெளிவந்தன. அதையொட்டிய ஒரு பயிலரங்கின் தொகுப்பில் பாரதி ராஜா சக்கரவர்த்தி, விக்னேஷ்வரன் முரளிதரன், ரூபா பிரியதர்ஷினி, ஜான் மெக்ரே ஆகிய நால்வரும் எழுதிய கட்டுரை இருக்கிறது. அயர்லாந்தின் கால்வே, வேல்ஸின் கார்டிஃப், நம்ம மதுரை என மூன்று ஊர்க்காரர்கள் சேர்ந்த வேலை. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட 15,744 யூடியூப் கருத்துகளை எடுத்து, ஒவ்வொன்றும் பாராட்டா, எதிர்ப்பா, இரண்டும் கலந்ததா, எந்த உணர்வும் தெரியாததா, தமிழே இல்லையா என்று ஐந்து வகையாகப் பிரித்துக் குறித்திருக்கிறார்கள். கணினிக்கு இது விடைக்குறிப்போடு கூடிய பயிற்சித் தாள் மாதிரி. இதைப் பார்த்துத்தான் அது மனிதன் திட்டுகிறானா பாராட்டுகிறானா என்று கற்றுக்கொள்ளும்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிடுவோம். குறியிடும் வேலையை இவர்கள் மர்மமாக வைத்திருக்கவில்லை. கூகுள் படிவத்தில் வாக்கியங்களைப் போட்டுத் தன்னார்வலர்களுக்கு அனுப்பினார்கள். முதலில் இருவர் படிப்பார்கள். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர். மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் இன்னும் இருவர். நாம் கட்டுரைத் தாள்களுக்குப் புள்ளி ஒருங்கிணைப்பு செய்வதை நினைத்துக்கொள்ளுங்க, கிட்டத்தட்ட அதே முறைதான். குறியிட்டவர் எந்த மொழிவழிப் பள்ளியில் படித்தவர் என்பதையும் கேட்டுப் பதிந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கேள்விதான். ஒரு வாக்கியத்தில் கிண்டல் இருக்கிறதா என்று பார்க்கிற கண் எங்கே பழகிய கண் என்பது முக்கியம் இல்லையா? தரவையும் பூட்டி வைக்காமல் மற்ற ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதை வைத்துப் போட்டிகள் நடந்தன. 2021இல் திராவிட மொழித் தொழில்நுட்பத்துக்கென்று தனிப் பயிலரங்கே தொடங்கியது. நல்ல கூட்டுழைப்பு என்றால் இப்படித்தான் பெருகவேண்டும்.

இனி குறைகள்.

அந்த 15,744இல் 10,559 கருத்துகள் பாராட்டு வகை. எதிர்ப்பு 2,037தான். கணக்குப் போட்டுப் பாருங்க, நூற்றுக்கு 67. எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'பாராட்டு' என்று கண்ணை மூடிக் குறிக்கும் இயந்திரம்கூட 67 விழுக்காடு வாங்கிவிடும்! அப்ஜெக்டிவ் தாளில் பாதிக்கு மேல் 'ஏ' விடையாக அமைந்தால் நாம் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியிருப்போம். அவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் வெறும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் வகைவாரியாக அளந்து காட்டுகிறார்கள். சிறிய வகைகளில் கணினி தடுமாறியதை மறைக்கவில்லை. ஆனாலும் வேறொருவர் இந்தத் தரவை எடுத்து, "எங்கள் மென்பொருள் தமிழ் உணர்வைக் கண்டுபிடிக்கும்" என்று பள்ளிக்கு விற்க வந்தால் நாம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: எந்த வகையில் எத்தனை?

ஏன் இவ்வளவு பாராட்டு? கருத்துகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் புரிந்துவிடும். எல்லாம் 2019இல் வெளிவந்த தமிழ்ப் படங்களின் முன்னோட்டங்களுக்குக் கீழே ரசிகர்கள் எழுதியவை. தலைவா, மாஸ், வெறித்தனம் என்கிற உலகம் அது. ஒரு மாணவி இன்னொரு மாணவியைப் புலனக் குழுவில் மெதுவாக, புன்னகைக் குறியோடு ஒதுக்கிவைக்கும் தமிழ் அங்கே கிடைக்காது.

அடுத்தது வடிகட்டல். முதலில் திரட்டியது 184,573 வாக்கியங்கள். அவற்றில் உணர்ச்சிக் குறிகளை நீக்கினார்கள். ஐந்து சொல்லுக்குக் குறைந்தவற்றையும் பதினைந்துக்கு மேற்பட்டவற்றையும் தள்ளினார்கள். கணினிக்காரருக்கு அது வசதி. ஆனால் நம் பிள்ளைகள் எழுதுவதை நினைத்துப் பாருங்க. "சரி லா சார்." "ஐயோ பாவம்லா." "நீ போ டி." எல்லாம் நான்கு சொல்லுக்குள். புண்படுத்தும் பேச்சு பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும், அதன் விஷம் பல நேரம் பின்னால் வரும் சிரிப்புக் குறியில்தான் இருக்கும். இரண்டையும் நீக்கிய பிறகு மிஞ்சுவது பள்ளிக்கூடத்துத் தமிழ் ஆகாது.

மூன்றாவது, எனக்கு முக்கியமானது: மலாய். கட்டுரையின் தலைப்பிலேயே தமிழ்–ஆங்கிலம் என்று இருக்கிறது, அதனால் அவர்கள் ஏமாற்றவில்லை. கோலிவுட் முன்னோட்டங்களுக்கு நம்மவர்களும் கருத்துப் போடத்தான் செய்கிறார்கள், அதனால் ஒன்றிரண்டு மலேசிய வாக்கியங்கள் உள்ளே இருக்கவும் கூடும். ஆனால் மலாய் கலந்த தமிழைப் புரிந்துகொள்வதற்கு என்று அந்த வடிவமைப்பில் இடம் இல்லை. கிள்ளானிலோ மேருவிலோ ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "டேய், பாசார் பக்கம் ஜாம் லா, தப்பாவ் பண்ணிட்டு வர்றேன்" என்று எழுதினால் நமக்கு அது தமிழ். மதுரையில் இருப்பவருக்குப் பாதிதான் புரியும்.

சாப்பாட்டுப் பேச்சு புரியாமல் போனால் பரவாயில்லை. இதைப் பாருங்க. ரோமன் எழுத்தில் எம், ஏ, டி, ஐ என்று நான்கே எழுத்து. தமிழ்நாட்டு வாசகர் அதை மாட்டி என்றோ மாத்தி என்றோ மதி என்றோ படிப்பார். மலாய் தெரிந்தவருக்கு அது 'சாவு'. "நாளைக்கு நீ" என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் அந்த நான்கு எழுத்தும் வந்தால், 'நாளைக்கு நீ மாட்டுவே' என்ற விளையாட்டா, மிரட்டலா? எழுதியவன் எந்தப் பள்ளி, யாரோடு பழகுகிறான், முன்னாடி என்ன நடந்தது என்று தெரிந்த வகுப்பாசிரியர் உடனே சொல்லிவிடுவார். தமிழும் ஆங்கிலமும் மட்டும் பழகிய இயந்திரத்துக்கு அது வழியே இல்லை. 'கிலா', 'போடோ' போன்ற வசவுகளும் இப்படித்தான். போடோவைப் 'போடா' என்று எடுத்துக்கொண்டால் செல்லமாகக்கூடத் தோன்றலாம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 2024 ஜூலையில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். டிக்டோக்கில் ஏஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி, இணையப் பகடிவதையைத் தொடர்ந்து உயிரிழந்தார். அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்கு 100 ரிங்கிட் அபராதம் என்ற செய்தி வந்தபோது நாடே கொதித்தது. 2024 டிசம்பரில் தண்டனைச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 ஜூலை 11இல் நடப்புக்கு வந்தது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஒரு நாளில் குவியும் கருத்துகளையும் நேரலைப் பேச்சையும் முதலில் சலிப்பது மனிதர் இல்லை, மென்பொருள். அந்த மென்பொருளுக்கு நம் தமிழ் தெரியாவிட்டால், புகார் கொடுக்கும் பிள்ளையிடம் "விதிமீறல் எதுவும் இல்லை" என்ற பதில்தான் வரும்.

ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் பேசப்பட்ட நாட்களில் மலேசியா விருந்தாளியாக இல்லை. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இங்கிருந்துதான் போனது. 2001இலும் 2013இலும் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. கணினிக்காரர்களும் ஆசிரியர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். எழுத்துரு காலம் முடிந்து தரவுக் காலம் வந்தபோது நாம் கொஞ்சம் பின்தங்கிவிட்டோம். எழுத்துருவைச் செய்ய ஒரு முத்து நெடுமாறன் வேண்டும். தரவைக் குறியிட நிரல் திறமை தேவையில்லை. தமிழ், மலாய் இரண்டிலும் கிண்டலைப் பிடிக்கத் தெரிந்த நூறு பேர் போதும். அந்த நூறு பேர் நம் ஆசிரியர் அறைகளில் இருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையும் கணினிப் புலமும் ஒரே வளாகம், நடந்தே போகலாம். (மதுரைக்கும் கால்வேக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை.)

தரவுக்கு எங்கே போவது என்று கேட்பீங்க. பிள்ளைகளின் புலன உரையாடலைக் கேட்காமல் எடுக்கவே கூடாது, அது ஆய்வும் இல்லை, நாகரிகமும் இல்லை. பொதுவெளியில் இருப்பதே போதும். மலேசியத் தமிழ்ப் படங்களின் முன்னோட்டங்களுக்குக் கீழே வந்த கருத்துகளில் தொடங்கலாம். 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' படத்தின் பெயரே நம் வாதத்துக்குச் சாட்சி. 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல் தமிழ் வாயில் நுழைந்து ஜகாட் ஆனது. அந்தப் பெயரை 2020 தரவில் பழகிய இயந்திரத்திடம் கொடுத்தால் என்ன சொல்லும்!

முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், கூகுள் படிவம், இருவர், மூன்றாமவர். வடிகட்டியை மட்டும் மாற்றவேண்டும். சிறிய வாக்கியங்கள் உள்ளே வரட்டும், உணர்ச்சிக் குறி இருக்கட்டும். குறியிடுபவரிடம் தமிழ்ப்பள்ளியா தேசியப் பள்ளியா என்று கேட்கட்டும். 'பாராட்டா, எதிர்ப்பா' என்பதோடு நிறுத்தாமல் 'இது ஒருவரை நோக்கியதா' என்ற கேள்வியும் சேரட்டும். பகடிவதையில் அந்தக் கேள்விதான் உயிர். ஆய்வாளர் யாராவது உங்கள் பள்ளிக்கு வந்து உதவி கேட்டால், தரவு திறந்ததாக வெளியாகுமா, குறியிட்ட ஆசிரியர்களின் பெயர் கட்டுரையில் இருக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்க. கடைசிப் பக்கத்தில் 'ஆசிரியர்களுக்கு நன்றி' என்ற ஒரு வரிக்காக 100 வாக்கியத்தை உட்கார்ந்து படிக்க யாருக்கும் நேரம் இல்லை.

மூலக் கட்டுரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் கடினமில்லை. தரவுத் திரட்டலையும் குறியிட்ட முறையையும் விளக்கும் பகுதிகளை மட்டும் முதலில் படியுங்க. சூத்திரங்கள் வரும் பக்கங்களை அப்புறம் பார்த்துக்கலாம்.